பட்டணம் பார்க்கப் போன வழி: நாகையிலிருந்து சென்னைக்கு ஒரு சிக்கனப் பயணத்தின் வரலாறு

நாகப்பட்டினம், திருவாரூர், மன்னார்குடி வட்டாரங்களில் ‘பட்டணம் பார்ப்பது’ என்றால் சென்னைக்குப் போய், ஒரு வாரமோ பத்து நாளோ தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவது. கல்யாணம், வழக்கு, வைத்தியம், வேண்டுதல் என்று எந்தக் காரணமும் இல்லாமல், பார்ப்பதற்காகவே ஒரு நகரத்துக்குப் போகும் இந்த வழக்கம் ரயிலோடு பிறந்தது. அதற்கு ஆகும் செலவு மூன்று வகை: போய்வருவது, தங்கிச் சாப்பிடுவது, பார்ப்பது. முதலாவதை ரயில் மலிவாக்கியது. மூன்றாவதை நகரம் வெகுகாலம் ஏறக்குறைய இலவசமாகவே வைத்திருந்தது. நடுவில் உள்ள தங்குமிடம்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் பயணத்தின் நீளத்தைத் தீர்மானித்தது. காசில்லாமல் தங்க இடம் கிடைத்த காலத்தில் வாரக்கணக்கில் பட்டணம் பார்த்தார்கள். அது குறையக் குறைய நாள்களும் குறைந்தன.

ரயிலுக்கு முந்திய காலத்தில் நாகையிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மண்சாலை. மாட்டுவண்டி ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மைல் போகும். கொள்ளிடம், வெள்ளாறு, பெண்ணையாறு, பாலாறு எல்லாவற்றையும் கடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரையில் காத்துக் கிடக்கவும் நேரும். போக மட்டும் இரண்டு வாரத்துக்குமேல் ஆகும் ஊருக்கு வேடிக்கை பார்க்க எவரும் கிளம்புவதில்லை. துறைமுக ஊர் என்பதால் தோணியேறிக் கடல்வழியே போகும் வசதி நாகைக்கு இருந்தது. அது பெரும்பாலும் சரக்கோடு போகும் வணிகர்களின் வழி. காற்றுத் திரும்பும் பருவத்தைப் பார்த்துத்தான் அதில் போக முடியும்.

ஆனாலும் காசில்லாதவர் நெடுந்தூரம் போகும் முறை காவிரிப் படுகையில் முன்பே வேரூன்றியிருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டி, நிலங்களை எழுதிவைத்திருந்தார்கள். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும், இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரமும் அவற்றில் பேர்பெற்றவை. ஆங்கிலேயர் கைக்கு நாட்டு நிர்வாகம் மாறிய சமயத்தில், 1801இல், சத்திரங்களை மட்டும் தன் பொறுப்பில் விடும்படி சரபோஜி எழுதிய கடிதம் தமிழகச் சமூக வரலாற்றின் அரிய ஆவணம். வழிப்போக்கர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. நடக்க முடியாமல் நோயில் படுத்தவருக்கு வைத்தியம் உண்டு. அங்கேயே இறந்தால் அவரவர் வழக்கப்படி அடக்கம் உண்டு. அநாதையாக நிற்கும் பிள்ளைக்குப் படிப்பும் உண்டு என்று சத்திரங்களின் பணிகளை அது அடுக்கிச் சொல்கிறது. சரபோஜி தாமே 1820 முதல் 1822 வரை பரிவாரத்தோடு காசிக்குப் போய்வந்தார். வழியில் தங்கவும் உண்ணவும் வழிப்போக்கனுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் டெல்டா மக்களின் மனத்தில் பதிந்தது இந்தச் சத்திரங்களால்தான். பின்னாளில் ரயிலேறியவர்களும் இறங்கிய இடத்தில் முதலில் விசாரித்தது சத்திரத்தைத்தான்.

தென்னிந்தியாவின் ரயில் வரலாற்றில் நாகைக்குத் தனி இடம் உண்டு. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி தொடக்கத்தில் நாகையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு அகலப் பாதையில் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டு அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. துறைமுகத்தையும் நெல் விளையும் உள்நாட்டையும் இணைப்பதே நோக்கம். சென்னைக்குப் போவது அதன் திட்டத்தில் இல்லை. 1874இல் அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. 1875இல் நாகைப் பாதை மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), கும்பகோணம் வழியாகத் தஞ்சையைச் சென்னையோடு இணைத்த பாதை 1870களின் பிற்பகுதியில் முடிந்தது. அப்போதும் நாகைக்காரர் மேற்கே தஞ்சாவூர்வரை போய், பிறகு வடகிழக்காகத் திரும்பி மாயவரம் வரவேண்டியிருந்தது.

அந்தச் சுற்றை நீக்கியது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. உள்ளாட்சி அமைப்பு ஒன்று வரி தண்டி, அந்தப் பணத்தில் ரயில்பாதை போட்டது அக்காலத்தில் பெரிய துணிச்சல். மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் போன அந்தப் பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதன்பின் நாகையிலிருந்து திருவாரூர், அங்கிருந்து நேர் வடக்கே மாயவரம், பிறகு சென்னை என்று வழி சுருங்கியது. டெல்டாக்காரர் பட்டணம் பார்க்கத் தொடங்கியதற்கு வெள்ளைக்காரக் கம்பெனியைக் காரணமாகச் சொல்வது வழக்கம். நாகை, திருவாரூர் பகுதியைப் பொறுத்தவரை ஜில்லா போர்டுக்கும் அதற்கு வரி கட்டிய மிராசுதாருக்கும் குடியானவருக்கும் அந்தப் பெருமையில் பாதி சேர வேண்டும்.

சிக்கனப் பயணம் என்றால் அது மூன்றாம் வகுப்பு. அந்தப் பெட்டியின் நிலையைக் காந்தி 1917இல் எழுதிய கட்டுரை ஒன்று விளக்குகிறது. பம்பாயிலிருந்து சென்னைக்கு அவர் கொடுத்த கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் உட்காரக்கூடிய பெட்டியில் வழியின் பெரும்பகுதியும் 35 பேருக்குக் குறையாமல் இருந்தார்களாம். மாயவரத்தில் ஏறியவருக்கும் இதே கதைதான். தூரம் குறைவு என்பது மட்டுமே ஆறுதல். மாலையில் ஏறினால் விடியற்காலை எழும்பூர். உட்கார்ந்தபடியே தூங்கி எழுந்தாலும், இரவு ரயிலில் போனால் ஒரு ராத்திரித் தங்கல் மிச்சம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரண்டு ராத்திரியை ரயிலில் கழிக்கும் இந்தக் கணக்கு மூன்று நான்கு தலைமுறையாக மாறவில்லை.

ரயில் எல்லாரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது. ஸ்டேஷன் சாப்பாட்டுக்கடையில் அந்தச் சமத்துவம் கிடையாது. பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்த வழக்கம் பெரியார் தொடர்ந்து எதிர்த்ததன் பேரில் 1941இல் ஒழிந்தது. சத்திரங்களும் பெரும்பாலும் சாதிவாரியாகவே இருந்தன. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு டிக்கெட் வாங்க முடிந்தது. போய் இறங்கிய ஊரில் தலைசாய்க்கத் திண்ணை கிடைக்கவில்லை. கையில் காசு குறைவாக இருந்தவருக்கே தங்கும் செலவு கூடுதலாக ஆனது.

பயணம் எப்போது என்பதை வயல் தீர்மானித்தது. சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். நெல் போட்ட காசு கைக்கு வருவது அப்போதுதான். அதன்பின் ஆற்றில் தண்ணீர் வரும்வரை நிலத்தில் வேலை இல்லை. மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு ஜூன் 12 என்பது தண்ணீர் திறப்புக்குரிய நாளாக நிலைத்தது. ஆகவே பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவில்தான் ஒரு குடும்பத்துக்கு ஓய்வு. பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையும் அதோடு பொருந்தி வந்தது. சென்னை வெயிலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நாகை வெயிலில் பழகியவருக்கு அது ஒன்றும் புதிதில்லை.

போனவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலம் உள்ளவர், கடை வைத்திருப்பவர், வாத்தியார், குமாஸ்தா, ரயில்வே ஊழியர் ஆகியோரே வெகுகாலம் பட்டணம் பார்த்தவர்கள். பண்ணையாளாக இருந்தவருக்கு ஒரு நாள் வேலையை விட்டு வரவும் அனுமதி இல்லை. நாகை வட்டாரத்துக் கீழவெண்மணியில் கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது 1968இல். பண்ணையாள் குடும்பங்களில் பலர் சென்னையை முதலில் பார்த்தது கட்சி மாநாட்டுக்கும் பேரணிக்கும் போனபோதுதான். 1969 பிப்ரவரியில் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்கு ரயில் கூரையில் ஏறிப் போனவர்கள் கொள்ளிடம் பாலத்தின் இரும்புச் சட்டத்தில் மோதிப் பலர் இறந்தார்கள்.

எழும்பூரில் இறங்கியவருக்கு முதல் கேள்வி தங்குமிடம். தென்னிந்திய ரயில்வே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட படங்களுடன் கூடிய வழிகாட்டி நூலில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கீழே முதலில் வருவது அதுதான்: ஐரோப்பியருக்குப் பங்களா எங்கே, இந்தியருக்குச் சத்திரம் எங்கே, மாட்டுவண்டிக்கும் ஜட்காவுக்கும் மைலுக்கு எத்தனை அணா என்று குறித்திருந்தார்கள். சென்னையில் சென்ட்ரலுக்கு எதிரே இருந்த ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் வெளியூர்க்காரர் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். மூன்று நாள் தங்கலாம் என்பது சத்திரங்களின் பொது விதி. அதற்குமேல் என்றால் வேறு சத்திரத்துக்கு மாற வேண்டும், அல்லது உறவுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வாரத்தை இரண்டு சத்திரமும் ஒரு சித்தப்பா வீடுமாகப் பிரித்துக்கொண்டவர்கள் உண்டு. நாகூர், நாகை முஸ்லிம்கள் சென்ட்ரல் அருகே சித்திக் சராயிலும், மண்ணடி, திருவல்லிக்கேணிப் பகுதிகளில் ஊர்க்காரர் வைத்திருந்த கடை மாடிகளிலும் தங்கினார்கள்.

உறவுக்காரர் வீட்டில் தங்குவதற்கும் ஒரு முறை இருந்தது. வெறுங்கையோடு போவதில்லை. அரை மூட்டைப் புழுங்கலரிசி, உளுந்து, பயறு, வற்றல், கருவாடு என்று அவரவர் வீட்டு வழக்கப்படி மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். சாப்பாட்டுக்கு ஆகும் நெல்லை முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்ப்பது போன்றது அது. பட்டணத்துச் சம்பளக்காரரின் சின்னக் குடித்தனத்தில் ஐந்தாறு பேர் வந்து இறங்குவது சுமைதான். அரிசி மூட்டை அந்தச் சுமையைப் பகிர்ந்துகொண்டது. நகரத்தில் வேலைக்குப் போன முதல் தலைமுறை தன் வேரை இப்படித்தான் காப்பாற்றியது. கிராமத்துக்கும் நகரத்தைக் காட்டியது.

பிற்காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் சத்திரத்தின் இடத்தைப் பிடித்தன. தனியாள் வாடகைக்கு இருக்கும் அறையில் ஊரிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே கடற்கரை, மலிவான மெஸ்கள், எல்லாப் பக்கத்துக்கும் பஸ். இளைஞருக்கு இது போதுமானதாக இருந்தது. பெண்களோடு வரும் குடும்பத்துக்கு உதவவில்லை. அரசியல் தொடர்பு உள்ளவர்களுக்கு எம்.எல்.ஏ. ஹாஸ்டல் இருந்தது. தொகுதியிலிருந்து வருகிறவர் சட்டமன்ற உறுப்பினரின் அறையில் தங்குவது எல்லாக் கட்சியிலும் நடந்தது.

இனிப் பார்வை. சென்னையில் சிக்கனப் பயணிக்குக் கிடைத்த பெரிய கொடை எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் கல்லூரிச் சாலையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கி, 1854இல் பாந்தியன் சாலைக்கு மாறியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். கூண்டில் உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் பெருகுவதைக் கண்டு அவர் சேர்த்தவைதான் சென்னை உயிரியல் பூங்காவின் தொடக்கம். 1860களில் அது சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’, விலங்குகள் இருந்த இடம் ‘உயிர் காலேஜ்’ என்று மக்கள் சொன்னார்கள். நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் இரண்டும் இருந்தன. இரண்டையும் பார்த்தால் முதல் நாள் முடிந்தது.

நாகைக்காரருக்கு ‘செத்த காலேஜில்’ தனிப்பட்ட உரிமை உண்டு. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரத்தோடும், அதன் பின் நூற்றாண்டுகள் தொடர்ந்த பௌத்த வாழ்வோடும் தொடர்புடைய செப்புத் திருமேனிகள் 1856 முதல் அந்த ஊர் மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. அவற்றில் கணிசமானவை எழும்பூருக்கு வந்துசேர்ந்தன. டி.என். ராமச்சந்திரன் அவற்றைப் பற்றி எழுதிய நூல் 1954இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. விகாரத்தின் எச்சமாக நாகைக் கடற்கரையில் நின்ற செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. தன் ஊரின் பழைய முகத்தைப் பார்க்க நாகைவாசி சென்னைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது வருத்தத்துக்குரிய உண்மை. ஆனாலும் பட்டணம் பார்க்கப் போனவர்களில் பலர் இந்தப் புத்தர்களைக் கடந்து அமராவதிச் சிற்பத்துக்கும் திமிங்கில எலும்புக்கும் போய்விட்டார்கள். ஊரில் எவரும் சொல்லி அனுப்பவில்லை.

மற்றக் காட்சிகளும் கையைக் கடிக்காதவையே. கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில், 1884இல், மெரினாவில் உலாவும் சாலை அமைந்தது. கடற்கரையில் 1909இல் மீன் காட்சிசாலை திறந்தார்கள். 1892இல் திறந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தில் 1894இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1977இல் மெரினாவில் புது விளக்கு வரும்வரை துறைமுகத்துக்கு வழிகாட்டியது அதுதான். 1895இல் மின்சார டிராம் வந்தது. 1953இல் நிறுத்தப்படும்வரை சில காசுகளில் நகரின் குறுக்கே போய்வர அது போதும். டிராமில் ஏறுவதே ஒரு காட்சி. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் சேர்ந்துகொண்டது. பீப்பிள்ஸ் பார்க்கில் டிசம்பர் இறுதியில் நடந்த கண்காட்சிக்கும் வெளியூர்க் கூட்டம் வரும். 1886 டிசம்பர் 31 அன்று அங்கே மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டது அந்த நூற்றாண்டுச் சென்னையின் மிகப் பெரிய துயரங்களில் ஒன்று.

செலவு வைத்த இடம் கடைவீதி. 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், பொம்மை, கண்ணாடிச் சாமான் என்று எதுவும் பேரத்துக்குக் கிடைக்கும். ஊரில் காத்திருப்பவர்களுக்கு எதையாவது வாங்கியாக வேண்டும் என்பதால் மிச்சம்பிடித்த காசு கடைசி நாளில் இங்கே கரையும். 1985 மே மாதத் தீயில் அந்தக் கட்டடம் போனது. அதே ஆண்டில் உயிரியல் பூங்காவும் வண்டலூரில் திறக்கப்பட்டது. சென்ட்ரலைச் சுற்றி நடந்தே பார்க்கக்கூடியதாக இருந்த பட்டணம் சிதறியது அப்போதுதான். வண்டலூருக்கு மட்டும் ஒரு முழு நாளும் பஸ் செலவும் தனியாக ஒதுக்க வேண்டிவந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு பட்டியல் மாறியது. 1959இல் எழுந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பது ஒரு தலைமுறைக்கே கடமை. 1948இல் ‘சந்திரலேகா’ வந்த ஜெமினி ஸ்டூடியோவும் கோடம்பாக்கமும் ஊரில் சினிமா பார்த்தவரை இழுத்தன. பெரும்பாலோர் பார்த்தது ஸ்டூடியோ வாசலை மட்டும். கிண்டியில் பாம்புப் பண்ணை, மெரினாவில் அண்ணா சமாதி, 1976இல் வள்ளுவர் கோட்டம் ஆகியவை சேர்ந்தன. தீவுத்திடலில் பொங்கலையொட்டி நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சியும் பட்டியலில் ஏறியது. காணும் பொங்கலன்று மெரினாவில் திரளும் கூட்டத்தில் வெளியூர்க்காரரும் நிறையவே உண்டு.

பயணத்தின் வடிவத்தை மாற்றியவை மூன்று. மத்திய அரசு ஊழியருக்கு 1956இல் வந்த விடுமுறைப் பயணச் சலுகை, சம்பளக்காரக் குடும்பத்தைச் செலவுக் கவலையிலிருந்து கொஞ்சம் விடுவித்தது. 1971இல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நகரையும் மாமல்லபுரம், காஞ்சிபுரத்தையும் பஸ்ஸில் சுற்றிக்காட்டியது. மூன்றாவது, ஊர்க்காரர் தாங்களே கண்ட வழி. மாதாமாதம் சீட்டுக் கட்டி, சேர்ந்த பணத்தில் டூரிஸ்ட் பஸ் பேசி, சமையல்காரரையும் அண்டா, அடுப்போடு ஏற்றிக்கொண்டு போனார்கள். சாலையோரத் தோப்பில் சமையல், பஸ்ஸிலேயே தூக்கம். தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் ஒருசேரக் குறைத்த ஏற்பாடு இது. தனியே டிக்கெட் எடுத்து வெளியூர் போயிராத பெண்கள் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து போனதும் இதனால்தான். குறை ஒன்று: பார்ப்பது கோயிலோ கடற்கரையோ, இறங்கி ஒரு மணி நேரத்தில் ஏறிவிட வேண்டும். ஒரு வாரப் பட்டணம் ஒன்றரை நாளுக்குச் சுருங்கியது.

1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்து இரண்டாம் வகுப்பானது. மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறும் பணிக்காக விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதி சில ஆண்டுகள் மூடிக்கிடந்தது. அப்போது டெல்டா முழுவதும் பஸ்ஸையே நம்பியது. 2010இல் அகலப் பாதை திறந்தபின் நாகை வழியாகக் காரைக்காலுக்கும் எழும்பூருக்கும் இடையே இரவு ரயில் ஓடுகிறது. ராத்திரித் தங்கலை மிச்சம்பிடிக்கும் பழைய கணக்கு அதில் இன்றும் செல்லும்.

நகருக்குள் போக்குவரத்துச் செலவும் சிலருக்கு முன்னைவிடக் குறைந்திருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாகையிலிருந்து வரும் தாயும் மகளும் பிராட்வேயிலிருந்து திருவான்மியூர்வரை காசில்லாமல் போகலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் முன்கூட்டி நினைவில் வைக்க வேண்டும். மெரினாவுக்கும் மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

தங்குமிடம் இப்போது முன்பைவிடக் கடினம். ராமசாமி முதலியார் சத்திரம் போன்றவை பழைய பயனை இழந்துவிட்டன. அடுக்குமாடி வீட்டில் இருக்கும் உறவினரிடம் ஐந்து பேராகப் போய் இறங்கும் வழக்கம் அருகிவிட்டது. லாட்ஜ் வாடகை ஒரு சாதாரணக் குடும்பத்தின் ரயில் கட்டணத்தை ஒரே நாளில் தாண்டும். கோயில்களும் சமூக அறக்கட்டளைகளும் நடத்தும் விடுதிகள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. மாணவர் குழுக்கள் அடையாறு இந்திரா நகரில் உள்ள இளைஞர் விடுதி போன்றவற்றை நாடுகின்றன. டெல்டாவிலிருந்து பட்டணம் பார்க்க வருகிற குடும்பம் இன்று வழக்கமாகத் தங்குவது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.